என்ன வேலை என்று கேட்காத கருவி

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில தகவல்களைச் சேர்த்திருக்கிறேன்.)



"அறிவியலும் சாதியும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை என்னால் தாங்க முடியாது. முனைவர் பட்டத்துக்கு நான் படிப்பது மருத்துவ அளவீடுகளின் வரலாறு. அதனால் ஒரே ஒரு கருவியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஸ்பைரோமீட்டர். தமிழில் மூச்சளவி என்று சொல்லலாம். ஆஸ்துமா இருக்கும் தோழர்கள் இதில் ஊதியிருப்பீர்கள். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள், வாயில் ஒரு குழாய் வைப்பார்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில், உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் வெளியே ஊத வேண்டும். எத்தனை லிட்டர் காற்று, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கருவி சொல்லிவிடும்.

இது என் ஆய்வுக்குள் வந்தது புத்தகத்திலிருந்து அல்ல, அப்பா மூலமாக.

அப்பா உத்திரமேரூர் பக்கம் கல் கிரஷரில் 22 ஆண்டுகள் வேலை செய்தவர். லாரி கொட்டும் பாறையைக் கிரஷரின் வாய்க்குள் தள்ளுவது, ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குவியும் கல்மாவைக் கூட்டி அள்ளுவது, இந்த இரண்டும்தான் அவர் வேலை. எங்கள் சேரியிலிருந்து போன அத்தனை பேருக்கும் இதே இரண்டு வேலைதான். எடைமேடையில் உட்காருவது, கணக்கு எழுதுவது, லாரி ஓட்டுவது எல்லாம் ஊர்த்தெருக்காரர்களுக்கு. யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. காலையில் போய் நின்றால் அவரவர் இடம் அவரவர்க்குத் தெரியும்.

நான் கல்லூரியில் இருந்தபோதே அவருக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. இரண்டு முறை காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், ஆறாறு மாதம். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். வேலையை விட்ட பிறகு ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் முதல்முறையாக ஊதினார்.

அந்த அறையில் நான் பக்கத்திலேயே நின்றேன். "இழுத்துப் புடி, புடி, இப்ப ஊது, ஊது ஊது ஊது, விட்றாத" என்று டெக்னீஷியன் தம்பி கத்துகிறார். சண்டையில்லை, அப்படிக் கத்தினால்தான் ஆள் முழுசாக ஊதுவார். அப்பாவுக்குப் பாதியிலேயே இருமல் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. சரியாக மூன்று ஊதல் பதிவாக வேண்டும், அவர் ஏழெட்டு முறை ஊதினார். நெற்றி நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ பாப்பா ஊதணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அச்சாகி வந்த தாளில் "நார்மல்" என்று இருந்தது. மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வயசாகுது, புகை பிடிக்காதீங்க" என்றார். அப்பா வாழ்நாளில் பீடி தொட்டதில்லை.

அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து வரிவரியாகப் படித்தேன். வயது, பால், உயரம், எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். "இனம்" என்று ஒரு கட்டம், அதில் "இந்தியர்", பக்கத்தில் 0.90. அடுத்த முறை போனபோது அந்தத் தம்பியிடம் இது என்ன என்று கேட்டேன். "அது மெஷின்ல செட் பண்ணி வச்சது மேடம். இந்தியன்ஸுக்கு லங்ஸ் கொஞ்சம் சின்னது, அதுக்குக் கழிச்சுக்கும்."

எப்படிக் கழிக்கிறது என்று பார்ப்போம். கணக்கு சின்னதுதான். அப்பா ஊதிய மொத்தக் காற்று 2.60 லிட்டர். அதே வயதும் உயரமும் உள்ள வெள்ளைக்கார ஆணுக்குக் கருவி எதிர்பார்ப்பது 3.40 லிட்டர். அதோடு ஒப்பிட்டால் அப்பாவுடையது 76 விழுக்காடு. 80க்குக் கீழே போனால் குறைபாடு என்பது அங்கே வழக்கமாகப் பார்க்கும் கோடு. ஆனால் "இந்தியர்" என்று அழுத்தியதும் எதிர்பார்ப்பே 10 விழுக்காடு இறங்கி 3.06 ஆகிவிடுகிறது. இப்போது அதே 2.60 லிட்டர், 85 விழுக்காடு. நார்மல். அப்பாவின் நெஞ்சுக்குள் ஒன்றும் மாறவில்லை, ஒப்பிடும் ஆள் மாறிவிட்டார்.

இந்தப் பத்து விழுக்காட்டுக் கழிவு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் என் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயமே உருவானது.

கருவியை உருவாக்கியவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1846இல் அதைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த உருளை, மேலே கப்பியும் எடைக்கல்லும். ஊதினால் உருளை எழும், எவ்வளவு எழுந்தது என்று அளவுகோலில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்தார். ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க இது உதவும் என்பது அவர் கனவு. உயரம் ஓர் அங்குலம் கூடினால் மூச்சு 8 கன அங்குலம் கூடுகிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். இன்றைக்கும் நம் உயரத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஊதச் சொல்கிறார்கள்.

அவருடைய அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது நான் கொஞ்சம் ஆடிப்போனேன். மனிதர்களை அவர் எப்படிப் பிரித்திருக்கிறார் தெரியுமா? மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், லண்டன் போலீஸ்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழைகள், கனவான்கள். அதாவது, பெரும்பாலும் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பிரித்திருக்கிறார். அவருக்கு வர்க்கப் பார்வை இருந்தது என்று சொல்ல வரவில்லை. கனவான்கள் ஒரு வகை, ஏழைகள் இன்னொரு வகை என்று நம்பியவர்தான். இருந்தாலும் அந்தக் கருவியின் முதல் அட்டவணையில் வேலைக்கு இடம் இருந்தது. என் அப்பாவின் தாளில் இல்லை.

கருவி அட்லாண்டிக்கைக் கடந்தபோதுதான் கேள்வி மாறுகிறது. அதற்குத் தோதான மண் அங்கே ஏற்கெனவே இருந்தது. கறுப்பின மக்களின் நுரையீரல் அமைப்பே வேறு என்று தாமஸ் ஜெபர்சன் 1780களிலேயே எழுதிவைத்திருந்தார். லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகளை வைத்திருந்தவர், 1851இல் ஒரு கட்டுரை எழுதினார். எஜமானை விட்டுத் தப்பி ஓடும் அடிமைக்கு அது ஒரு மனநோய் என்று சொல்லி, அதற்கு ட்ராபெட்டோமேனியா என்று பெயர் வைத்தாரே, அவரேதான். கறுப்பர்களின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையர்களைவிட 20 விழுக்காடு குறைவு என்றார். அதற்கு ஸ்பைரோமீட்டரைச் சாட்சிக்கு இழுத்தார். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் இன்னும் பயங்கரமானது. மூச்சு குறைவதால் இரத்தம் சுத்தமாகவில்லை, வெள்ளை எஜமானின் கட்டளையில் உடலுழைப்புச் செய்தால்தான் அவர்கள் ஒழுங்காக மூச்சு விடுவார்கள் என்றார். அடிமைத்தனமே மருந்து!

சிரிப்பு வரலாம். ஆனால் அந்த எண் சாகவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, பெஞ்சமின் கூல்டு என்ற வானியலாளர் ராணுவ வீரர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து 1869இல் பெரிய நூலாகப் போட்டார். கறுப்பின வீரர்களின் மூச்சு குறைவு என்று அதிலும் வந்தது. நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை. 1896இல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் பிரெடெரிக் ஹாஃப்மன் அதை எடுத்துக்கொண்டு, கறுப்பர்கள் நெஞ்சுநோயில் சாவதற்கு வாழ்நிலை காரணமல்ல, இனத்தின் இயல்பே காரணம் என்று எழுதினார். கறுப்பின அறிஞர்கள் உடனே மறுத்தார்கள். கெல்லி மில்லர் எழுதினார், டு பாய்ஸ் எழுதினார். டு பாய்ஸ் 1906இல் கறுப்பின அமெரிக்கர்களின் உடல்நிலை பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார். வீட்டைப் பாருங்கள், கூலியைப் பாருங்கள், நகரத்தின் எந்த மூலையில் தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பது அவர் வாதம். மருத்துவப் பாடநூல்கள் டு பாய்ஸைப் படிக்கவில்லை. எண்ணை மட்டும் படித்தன.

இந்த வரலாற்றை முழுமையாகத் தெரிந்துகொள்ள விரும்பும் தோழர்கள் லண்டி பிரவுன் 2014இல் எழுதிய 'பிரீத்திங் ரேஸ் இன்டு தி மெஷின்' நூலைத் தேடிப் படியுங்கள். நான் சொன்னதில் பாதி அவரிடமிருந்து கற்றது.

காலப்போக்கில் கார்ட்ரைட்டின் பெயர் மறைந்து, கழிவு மட்டும் கருவிக்குள் ஒரு பொத்தானாக உட்கார்ந்துகொண்டது. கறுப்பர்களுக்கு 10 முதல் 15 விழுக்காடு, ஆசியர்களுக்கு 4 முதல் 6 விழுக்காடு என்று கழித்தார்கள். இந்தியாவில் வெள்ளையருக்கான சமன்பாட்டையே வைத்துக்கொண்டு 10 விழுக்காடு கழிப்பது பல ஆண்டுகளாகப் பல இடங்களில் நடைமுறை. இதில் பணமும் இருக்கிறது. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள் இழப்பீடு கேட்ட வழக்கில், கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தனி அளவுகோல் வைக்க வேண்டும் என்று ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் கேட்டது. அதாவது, இழப்பீடு கேட்கும் தகுதி வர, வெள்ளைத் தொழிலாளியைவிடக் கறுப்புத் தொழிலாளி இன்னும் அதிகமாக மூச்சை இழந்திருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதிலும் இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள். 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தும் கருவி "நன்றாக இருக்கிறது" என்று காட்டுவது வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சொன்னது. ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளக்கும் கருவி அது. நம் வீட்டுக் கறுத்த விரல்களில் அது என்ன காட்டியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அது தனிக்கதை, விட்டுவிடுகிறேன்.

போராட்டங்களுக்குப் பிறகு, 2023இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம், அதாவது நெஞ்சுநோய் மருத்துவர்களின் அமைப்பு, இனவாரிக் கழிவை விட்டுவிட்டு அனைவருக்கும் ஒரே சமன்பாட்டைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. நல்லது. ஆனால் இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: "அது அமெரிக்கா, இனம். நம்ம ஊர் மெஷினில் சாதிக் கட்டம் இல்லையே?"

இல்லைதான். தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

1932இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் தென்னிந்தியாவைச் சேர்ந்த 103 ஆண் மருத்துவ மாணவர்களின் மூச்சுக் கொள்ளளவு பற்றி ஒரு கட்டுரை வந்தது. இந்தியர்களின் இயல்பான மூச்சு எவ்வளவு என்று தேடிய தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று. 1932இல் மருத்துவக் கல்லூரிக்குள் யார் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் அடுப்படியில் புகை குடித்தார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "இயல்பான இந்தியர்" என்பவர் ஆய்வாளர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர். இன்று இந்தியர்களையே அளந்து உருவாக்கிய நல்ல சமன்பாடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. நான் படித்தவரை அவற்றில் வயது இருக்கிறது, உயரம் இருக்கிறது, அளக்கப்பட்டவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது இல்லை.

இரண்டாவது, அந்த உயரம். நடுநிலையான எண் போலத் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதிகளில் 39, பழங்குடிகளில் 41. பசியில் குள்ளமான குழந்தை வளர்ந்து கருவிமுன் உட்கார்ந்தால், கருவி என்ன செய்கிறது? "உயரம் குறைவா, சரி, உன்னிடம் நான் எதிர்பார்ப்பதும் குறைவு" என்கிறது. எதிர்பார்ப்பு முதலில் உயரத்தில் இறங்குகிறது, பிறகு இனத்தில் இறங்குகிறது. அதற்கும் கீழே விழுந்தவர்தான் நோயாளி.

இதைச் செய்ய ஸ்பைரோமீட்டர்கூட வேண்டாம். மலக்குழிக்குள் இறங்குகிறவர்களைப் பற்றி "அவங்களுக்கு அந்த நாத்தம் பழகிடும்" என்று சொல்கிறவர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பழகிடும் என்பதும் ஒரு கழிவுதான். ஹைட்ரஜன் சல்பைடு நிஜமாகவே ஓர் அளவுக்கு மேல் போனால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் தெரியாது. அப்போதுதான் அது கொல்லும் அளவை நெருங்குகிறது. 2013 சட்டத்தின் விதிகள் வாயு அளக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் கட்டாயம் என்கின்றன. 2014 தீர்ப்பு 10 லட்சம் என்றது, 2023 தீர்ப்பு 30 லட்சம் என்றது. இழப்பீட்டுத் தொகை ஏறுகிறது. வாயுவை அளக்கும் அந்தக் கருவி குழியின் வாய்க்கு வந்து சேரவில்லை.

சரி, கழிவை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? அவ்வளவு எளிதில்லை, இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கழிவை எடுத்தால் நேற்றுவரை நார்மலாக இருந்தவர் இன்று குறைபாடு உள்ளவர் ஆவார். இழப்பீட்டு அலுவலகத்தில் அது அவருக்கு உதவும். தீயணைப்புத் துறை வேலைக்குப் போனால் அதே தாள் அவரை வெளியே நிறுத்தும். நுரையீரல் அறுவைக்கு "தாங்கமாட்டார்" என்று திருப்பி அனுப்பவும் காரணமாகலாம். இன்னொருவரோடு ஒப்பிடும்வரை இந்தச் சிக்கல் போகாது.

ஒப்பிடாமலே இந்தக் கருவியைப் பயன்படுத்திய ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். நூற்பாலைகளில் பஞ்சுத்தூசியால் வரும் நோய் பிசினோசிஸ். அதன் அடையாளம், வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது. அமெரிக்காவில் நூற்பாலைத் தொழிலாளர்கள் போராடி 1978இல் பஞ்சுத்தூசிக்கு விதிமுறை வந்தபோது, வேலைக்குச் சேரும்போது ஓர் ஊதல், பிறகு ஷிப்டுக்கு முன்னால் ஓர் ஊதல், பின்னால் ஓர் ஊதல் என்று வைத்தார்கள். காலையில் 3 லிட்டர் ஊதியவர் மாலையில் 2.7 ஊதினால், அவர் என்ன இனம், என்ன உயரம் என்று எதற்குக் கேட்க வேண்டும்? அவரை அவரோடுதான் ஒப்பிடுகிறோம். இடையில் நடந்தது வேலை மட்டும்தான். இதிலும் ஒரு கொடுமை உண்டு. அதே விதிமுறையில், கறுப்பினத் தொழிலாளிக்கு எதிர்பார்ப்பு அளவை 0.85ஆல் பெருக்கிக்கொள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். இருந்தாலும் முன்னும் பின்னும் ஊதுவது என்ற முறை தொழிலாளியின் கையில் ஓர் ஆதாரத்தைக் கொடுத்தது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. சிலிகோசிஸும் பிசினோசிஸும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின்படி அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தன. நோயைக் கண்ட மருத்துவர் அரசுக்கு எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. கண்டால்தானே எழுதுவார்? கேட்டால்தானே காண்பார்? குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போய்த் திரும்பிய மத்தியப் பிரதேசப் பழங்குடிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கே இயங்கிய மக்கள் அமைப்புகள் வீடுவீடாகப் போய் யார் எந்த ஆலையில் எத்தனை மாதம் வேலை செய்தார்கள் என்று எழுதின. அந்தப் பட்டியல்தான் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. இறந்த 238 பேர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கக் குஜராத் அரசுக்கு 2016இல் உத்தரவு வந்தது. அங்கே வழக்கை நிறுத்தியது கருவி அல்ல, நோட்டுப் புத்தகம்.

அப்பா கதையை முடிக்கிறேன். கடைசியில் வேறு ஒரு மருத்துவரிடம் போனோம், வயதானவர். அப்பாவை உட்கார வைத்து, தாளைத் திறக்காமல், "என்ன வேலை பார்த்தீங்க ஐயா?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில், அத்தனை மருத்துவமனைகளில், முதல்முறையாக. அப்பா அரைமணி நேரம் பேசினார். எந்தக் கிரஷர், எந்த ஆண்டு, தண்ணீர் தெளிக்கும் பைப் எப்போது உடைந்தது, யார் யார் கூட இருந்தார்கள், அவர்களில் யார் யார் இப்போது இல்லை. எனக்கே தெரியாத பெயர்கள். பிறகுதான் எக்ஸ்ரே. நுரையீரலின் மேல்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். சிலிகோசிஸ்.

இழப்பீட்டுக்கு மனு கொடுத்திருக்கிறோம். அப்பாவிடம் அடையாள அட்டை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கிரஷர் இரண்டு முறை பெயர் மாறிவிட்டது. மனுவோடு அந்தப் பழைய "நார்மல்" தாளும் கோப்பில் இருக்கிறது, அதைக் காட்டித்தான் இழுத்தடிக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்பாவோடு வேலை செய்தவர்களில் இன்னும் பதினான்கு பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து வேலை வரலாற்றை எழுதப் போகிறேன். ஓர் ஆளுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும், நடுவில் இருமல் வரும், நிறுத்திக் காத்திருக்க வேண்டும். என் ஒருத்தியால் முடியாது. வரக்கூடிய தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். பேருந்து காலை ஏழு மணிக்கு.